ஸ்டெம் செல்லைப் பெருக்குவது பற்றி: 398 வெள்ளிப் பெட்டியும் என் இடுப்பெலும்பும்

20 பிப்ரவரி 2025, இரவு 9.05 (பட்டர்வொர்த் வாசகர் கேட்டது)

எனக்கு வயது 54. உடம்பில் ஸ்டெம் செல் பெருகினால் முதுமை தள்ளிப்போகும் என்று சொல்லி சொந்தக்காரர் ஒருவர் ஒரு பானத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார். பெட்டி 398 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மாதம் இரண்டு பெட்டி குடிக்க வேண்டுமாம். அந்தக் காசைக் கொட்டாமல் இயற்கையாகவே பெருக்க வழி உண்டா? விரதம், முருங்கைக்கீரை, மஞ்சள், எதுவானாலும் சரி. அனுபவம் உள்ளவர்கள் மட்டும் சொல்லவும்.

20 பிப்ரவரி, இரவு 10.40

அனுபவம் உள்ளவர்கள் மட்டும் என்று போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். என் உடம்பில் ஸ்டெம் செல்லை, அதாவது மற்ற செல்களைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்லை, பெருக்கியிருக்கிறார்கள். பானத்தால் இல்லை, ஊசியால்.

2011இல் என் அண்ணனுக்கு ரத்தப் புற்று. பொருந்துகிற ஒருவரின் ஸ்டெம் செல்லை அவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. கூடப் பிறந்த நான்கு பேரையும் சோதித்ததில் என்னுடைய திசு வகை மட்டும் பொருந்தியது. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளுக்குள் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். கோலாலம்பூருக்குப் போய்த் தங்கி, ஐந்து நாள் தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் ஜி-சிஎஸ்எஃப் என்ற ஊசி போட்டுக்கொண்டேன். எலும்பு மஜ்ஜைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஸ்டெம் செல்களைக் கிளப்பி ரத்தத்துக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை. மூன்றாம் நாள் ராத்திரி இடுப்பெலும்பு உள்ளேயிருந்து விண்விண்ணென்று தெறித்தது; பல்வலி இடுப்புக்கு இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கடைசி நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே போய், மெஷினுக்குள் சுற்றி, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம். பாதியில் உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மெஷினில் ஊற்றும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி என்று சொல்லி, தாதி கால்சியம் கொடுத்தார். மேலே தொங்கிய பையில் தக்காளி ரசம் போல ஏதோ கொஞ்சம் சேர்ந்திருந்தது. அவ்வளவுதான் அந்த ஸ்டெம் செல்.

அந்த வாரம் என் ரத்தத்தில் ஸ்டெம் செல் வழக்கத்தைவிடப் பல மடங்கு. நான் இளமையாகவில்லை. பனடோல் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

பெட்டி விற்பவர் அடுத்த முறை வந்தால் இதைச் சொல்லுங்கள்.

21 பிப்ரவரி, மதியம் 1.20

மேலே எழுதியதைப் படித்த ஈப்போ வாசகர் ஒருவர் கோபப்படுகிறார். ஊசி செயற்கை, மூலிகை இயற்கை, இரண்டையும் ஒப்பிடலாமா என்கிறார். விற்கிற காகிதத்தில் 'ரத்தத்தில் ஸ்டெம் செல் எண்ணிக்கை கூடும்' என்பதைத்தான் பெரிய சாதனையாகப் போடுகிறார்கள், அதனால்தான் ஒப்பிட்டேன். செல் ரத்தத்தில் இறங்குவது ஒன்று, போய் முழங்காலைச் சரிசெய்வது வேறு. என்னிடம் இறங்கியவை முழங்கால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதே முழங்கால், அதே வலி.

அப்புறம், ஸ்டெம் செல் என்று ஒன்றே ஒன்று இருப்பதாக எல்லாரும் பேசுகிறோம், நேற்று நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மஜ்ஜையில் இருப்பது ரத்தம் செய்யும். 1961இல் டொரொன்டோவில் டில், மெக்கலக் இருவரும் எலியின் மண்ணீரலில் முளைத்த சின்னச் சின்ன முடிச்சுகளை எண்ணி அதற்கு ஆதாரம் காட்டினார்கள். தசை நாரை ஒட்டிப் படுத்திருப்பது வேறு வகை; அதே 1961இல் மவுரோ என்பவர் தவளைத் தசையில் பார்த்தார். குடலில் இருப்பது இன்னொரு வகை, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் குடலின் உட்தோலையே புதுப்பித்துவிடும் வேகம் அதற்கு. மஜ்ஜையில் இருப்பதோ பெரும்பாலும் தூங்கும். மனிதனில் அது சராசரியாகப் பத்து மாதத்துக்கு ஒரு முறைதான் பிரியும் என்று ஒரு கணக்கு உண்டு. நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணு பிறக்கிறதே என்றால், அது பேரப்பிள்ளைகள் செய்யும் வேலை, தாத்தா எழுந்திருப்பதில்லை.

இந்த மூன்றையும் ஒரே பானம் ஒரே சமயத்தில் எழுப்பிவிடும் என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

23 பிப்ரவரி, காலை 7.10

சுங்கைப் பட்டாணித் தங்கச்சி ஒருவர் ஸ்டெம் செல்லைத் தமிழில் 'குருத்தணு' என்று எழுதியிருக்கிறார். இதுவரை ஸ்டெம் செல் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், ஆனால் குருத்து என்ற சொல்லைப் பார்த்ததும் அப்பா ஞாபகம். செபராங் பிறையில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். செம்பனைக்கும் தென்னைக்கும் குருத்து ஒன்றே ஒன்றுதான். வண்டு அதைக் குடைந்துவிட்டால் மரம் போச்சு. இளங்கன்றுகளில் அப்பா கொக்கி வளைத்த கம்பியை விட்டு காண்டாமிருக வண்டைக் குத்தி இழுப்பார், நான் தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உரத்தை வேரைச் சுற்றிப் போடுவார்களே தவிர குருத்தில் கொட்டி நான் பார்த்ததில்லை.

23 பிப்ரவரி, இரவு 8.30

கூலிமில் இருந்து ஒரு பெரியவர் திருத்தியிருக்கிறார்: குருத்தில் உரம் போட மாட்டார்கள், சரி, ஆனால் வண்டுக்கு மருந்துக் குருணையை மட்டை இடுக்கில் போடுவார்களாம், நான் சின்னப் பையன், கவனித்திருக்க மாட்டேன் என்கிறார். இருக்கலாம் ஐயா.

26 பிப்ரவரி, இரவு 11.00

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், 'எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறீர்கள், நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டார். நடக்கிறேன். பினாங்கு தாவரவியல் பூங்காவில் காலை ஆறே முக்காலுக்கு மூன்று சுற்று. வாரம் இரண்டு நாள் பக்கத்திலேயே தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் படி, 513 படி, மேலே போய்க் கும்பிட்டுவிட்டு மெதுவாக இறங்குவது.

நடை எதற்கு என்றால், 2021இல் அமெரிக்காவில் மாரிசன் என்பவரின் ஆய்வுக்கூடம் எலியில் ஒன்று காட்டியது. எலும்புக்குள் சின்னத் தமனிகளை ஒட்டி ஒரு வகைச் செல் இருக்கிறது. அதிலிருந்து எலும்பும் உருவாகும், நோய் எதிர்க்கும் நிணநீர் அணுக்கள் வளரத் தேவையான சரக்கும் அதிலிருந்து வரும். காலை ஊன்றும்போது எலும்பில் விழும் அழுத்தம்தான் அந்தச் செல்லைக் காப்பாற்றுகிறது. வயதாக ஆக அது குறையும், ஓடவிட்ட எலியில் கூடியது. எலி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 2019இல் வேறொரு குழு, சக்கரத்தில் ஓடிய எலிகளின் மஜ்ஜை அழற்சி உண்டாக்கும் வெள்ளணுக்களைக் குறைவாகச் செய்வதையும் பார்த்தது. அதாவது ஓட்டம் மஜ்ஜையை அமைதிப்படுத்துகிறது. பெருக்கவில்லை. அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

படி எதற்கு என்றால் தொடைத் தசைக்கு. தசையின் குருத்தணு பாரம் ஏறினாலோ காயம் பட்டாலோதான் விழிக்கும்.

2 மார்ச், காலை 10.15

ரமலான் நோன்பு இன்று தொடங்குகிறது, அதனாலோ என்னவோ நாலு பேர் விரதம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சரி. 2014இல் கலிஃபோர்னியாவில் லொங்கோ என்பவரின் குழு, எலிகளை இரண்டு மூன்று நாள் என்று பல சுற்று பட்டினி போட்டால் ரத்தக் குருத்தணுக்கள் புதுப்பிப்பு நிலைக்குத் திரும்புவதாகச் சொன்னது. 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யில்மாஸ் குழு, 24 மணி நேரம் பட்டினி இருந்த எலியின் குடல் குருத்தணு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்க மாறி, கிழட்டு எலியிலும் நன்றாக வேலை செய்ததைக் காட்டியது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. போன வருஷம் நானே 36 மணி நேரம் தண்ணீரோடு இருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

5 மார்ச், இரவு 9.50

மேலே உள்ள குறிப்பின் கடைசி வரி பொய். வீட்டில் அதைப் படித்துவிட்டு, 'நன்றாகத்தான் இருந்ததா?' என்று கேட்ட குரலில் இனி மறைக்க முடியாது.

எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, பத்து வருஷமாக. சர்க்கரையைக் குறைக்க மெட்ஃபோர்மினோடு கிளிக்லசைடும் போடுகிறேன். விரதத்தன்று சாப்பாட்டைத்தான் நிறுத்தினேன், மாத்திரையை நிறுத்தவில்லை, மருத்துவரிடம் கேட்கவும் இல்லை. முப்பதாவது மணி நேரத்தில் வீரம் வந்து தண்ணீர்மலை படி ஏறப் போனேன். இருநூறு படிகூடத் தாண்டியிருக்க மாட்டேன், கை நடுங்கி, சட்டை நனைந்து, கண்ணுக்கு முன்னால் படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்த ஒரு சீன ஆன்டி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு பையிலிருந்து மைலோ பெட்டியை எடுத்து, ஸ்ட்ராவையும் குத்திக் கையில் திணித்தார். குடித்துக் கால் மணி நேரம் கழித்து மகன் வந்து மெஷினில் சர்க்கரை பார்த்தபோதே லிட்டருக்கு 3.2 மில்லிமோல்தான் காட்டியது, ரொம்பக் கம்மி. அதற்கு முன்னால் எவ்வளவோ தெரியாது. கிளினிக்கில் மருத்துவர் திட்டிய திட்டு தனி. அது முழு 36 மணி நேரமும் இல்லை, கணக்குப் பார்த்தால் முப்பது சொச்சம்.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், அதுவும் கிளிக்லசைட் மாதிரி, இல்லை இன்சுலின் எடுக்கிறவர்கள், எந்த எலியையும் நம்பி விரதம் இருக்காதீர்கள். நோன்பு வைக்கும் என் பக்கத்து வீட்டு நண்பர் ஒரு மாதம் முன்னாலேயே கிளினிக்குக்குப் போய் மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கி வருகிறார். வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அன்று மைலோவுக்குப் பிறகு வீட்டுக்குப் போகவில்லை, நேராக நாசி கண்டார் கடை. குழம்பு வெள்ளமாக ஊற்றச் சொல்லி, கோழி, மீன் முட்டை, வெண்டைக்காய். மகன் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

6 மார்ச், மதியம் 12.45

நாசி கண்டாரைப் பற்றி எழுதிய பிறகு தூக்கம் வராமல் அதே எம்ஐடி குழு 2024இல் நேச்சர் ஆய்விதழில் போட்டதைத் தேடிப் படித்தேன். இது தெரிந்திருந்தால் 2ஆம் தேதி அவ்வளவு உற்சாகமாக எழுதியிருக்க மாட்டேன். பட்டினியின்போது எலியின் குடல் குருத்தணு அடங்கித்தான் இருக்கிறது. பட்டினி முடிந்து திரும்பச் சாப்பிடும்போதுதான் தாறுமாறாகப் பெருகுகிறது. அந்த நேரம் பார்த்துப் புற்றை உண்டாக்கும் மரபணு மாற்றத்தைத் தூண்டிவிட்டால், பட்டினி கிடந்த எலிகளைவிட அவற்றில் கட்டி அதிகம் முளைத்தது. மனிதருக்கும் இதே கதையா என்று எலியை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆய்வு செய்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 'பெருக்கம் நல்லது' என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு குட்டு.

அந்த வெண்டைக்காய் மட்டும் தப்பில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

9 மார்ச், இரவு 10.20

பியர் குடித்தால் ஸ்டெம் செல் சாகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், பாதி கிண்டலாக. கிண்டல் இல்லை. மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறும், அதுதான் விஷம். 2018இல் கேம்பிரிட்ஜில் கேதன் பட்டேல் குழு, அது ரத்தக் குருத்தணுவின் டிஎன்ஏவையே வெட்டி ஒட்டிச் சிதைப்பதை எலியில் காட்டியது. அந்த விஷத்தை அள்ளிக் கொட்ட ஏஎல்டிஎச்2 என்ற நொதி வேண்டும். கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒருவருக்குமேல் அது சரியாக வேலை செய்யாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு இருந்த ஹொக்கியன் சீன நண்பர் அரை கிளாஸிலேயே கழுத்து வரை சிவந்துவிடுவார், நாங்கள் சிரிப்போம், 'இன்னும் ஒன்று' என்று ஊற்றுவோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இப்போது தெரிகிறது. முகம் சிவப்பவர்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

நம் ஆட்களில் பலருக்கு முகம் சிவக்காது. அதனால் குடிக்கலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டு கீழே எழுதியிருக்கிறார்.

10 மார்ச், காலை 6.30

நரைமுடிக்கும் குருத்தணுதான் காரணமா? ஆமாம், முடிக்கு நிறம் தரும் செல்லுக்கும் குருத்தணு உண்டு. 2020இல் ஹார்வர்டில் எலியைப் பதற்றப்படுத்தினார்கள், நரம்பு கக்கிய நோரட்ரினலினால் அந்தக் குருத்தணுக்கள் எல்லாம் ஒரேயடியாக விழித்துத் தீர்ந்துபோய் ரோமம் வெளுத்தது. என் தலைக்கு மூன்று பிள்ளைகளும் நைட் ஷிப்டும் போதும்.

16 மார்ச், மாலை 5.00

கீரைக் கட்சிக்காரர்களுக்கு. முருங்கை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, மஞ்சள், கருஞ்சீரகம், இதுவரை ஒன்பது பெயர் வந்திருக்கிறது. ஞாயிறு பாசாரில் நானும் வல்லாரை வாங்குகிறேன், பெகாகா என்று கேட்டால் மலாய்க்கார மக்சிக் ஒரு கட்டோடு இன்னொரு கட்டையும் தள்ளிவிடுவார். சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் இது மனிதனின் குருத்தணுவைப் பெருக்கியது என்று நிரூபணமான கீரை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கொஞ்சமாவது பக்கத்தில் வருவது வைட்டமின் சி. 2017இல் அதே மாரிசன் ஆய்வுக்கூடம் காட்டியது. எலி தன் வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும், நம்மால் முடியாது, அதனால் அந்தத் திறனை எடுத்துவிட்ட எலிகளை வைத்துப் பார்த்தார்கள். வைட்டமின் சி குறைந்தபோது ரத்தக் குருத்தணு எண்ணிக்கை என்ன ஆனது தெரியுமா? கூடியது. ஆமாம், கூடியது. கூடவே ரத்தப் புற்றின் பக்கம் சாயும் போக்கும் கூடியது. எண்ணிக்கை கூடினால் நல்லது என்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ள மாத்திரைகூட வேண்டாம், 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

22 மார்ச், இரவு 11.35

மேலே இருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். தலைப்பே தப்பு. பெருக்குவது பற்றிக் கேட்டார்கள், நானும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

ஹாலந்தில் ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல் ஸ்கிப்பர் என்று ஒரு பாட்டி, 115 வயது வரை இருந்து 2005இல் இறந்தார், உடம்பை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு. 2014இல் வெளிவந்த ஆய்வில், அவர் சாகும் காலத்தில் வெள்ளணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டே இரண்டு குருத்தணுவிலிருந்து வந்திருந்தது தெரிந்தது. நடுவயதில் அந்த வேலையைப் பல்லாயிரம் குருத்தணுக்கள் பகிர்ந்துகொள்ளும், 20,000த்திலிருந்து 200,000 வரை என்கிறது 2022இல் வந்த கணக்கு. எழுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் பத்து இருபது வம்சங்கள் மட்டும் பெருகி ரத்தத்தில் பாதியைப் பிடித்துக்கொள்கின்றன. எழுபது வயதுக்கு மேல் பத்தில் ஒருவருக்காவது, டிஎன்ஏவில் ஒரு பிழையோடு இப்படிப் பெருகிய கூட்டம் ரத்தத்தில் இருக்கும். நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் மாரடைப்பு அபாயம் அவர்களுக்கு அதிகம்.

ஆக வயதானவன் ரத்தத்தில் நடக்கும் கோளாறே சிலது மட்டும் அளவுக்கு மீறிப் பெருகுவதுதான். இதில் நான் போய் எதைப் பெருக்குவது? தூங்குகிறதைத் தூங்க விடணும், வண்டு வராமல் பார்க்கணும். சர்க்கரை, சிகரெட், சாராயம், ராத்திரி முழிப்பு. என் வண்டுகளின் பட்டியல் இது.

23 மார்ச், காலை 8.00

ராத்திரி முழிப்பு என்று எழுதியதும் ஒன்று உறுத்துகிறது. 2015இல் ஸ்டான்ஃபர்டில், நான்கு மணி நேரம் தூங்கவிடாத எலியின் குருத்தணுவை வேறு எலிக்கு வைத்தால், பாதி அளவுக்குத்தான் போய்ச் சேர்ந்து வேலை செய்தது என்று கண்டார்கள். நான் 22 வருஷம் நைட் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்தவன். அண்ணனுக்குக் கொடுக்கப் போன வாரத்துக்கு முந்தின வாரம்கூட நைட் ஷிப்ட்தான், லீவு சேர்க்க வேண்டுமே. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பதினாறாம் நாள் வெள்ளணு ஏறத் தொடங்கியது. நான் தூங்கிவிட்டுப் போயிருந்தால் இன்னும் முன்னால் ஏறியிருக்குமோ என்று எலியை வைத்து நினைப்பது முட்டாள்தனம், தெரியும். நினைக்கிறேன்.

24 மார்ச், இரவு 9.15

சட்டம் பற்றிச் சுருக்கமாக, மூன்று பேர் கேட்டதால். இங்கே பதிவு செய்த மருந்துக்கும் சத்து மாத்திரைக்கும் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண் இருக்கும், மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். கேள்வி கேட்டவர் அனுப்பிய படத்தில் அந்த எண் இல்லை. உணவுப் பானம் என்ற பெயரில் விற்கிறார்கள். உணவு என்றால் இனிப்புநீர் தீரும், புற்று தீரும் என்று விளம்பரம் செய்யக் கூடாது, 1956ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. அதனால்தான் காகிதத்தில் எழுதாமல் ஹோட்டல் ஹாலில் மைக் பிடித்துச் சொல்கிறார்கள். ஆப்பிள் ஸ்டெம் செல் என்று போட்டிருக்கிறதே என்றால், ஆப்பிளின் குருத்தணு உங்கள் வயிற்றில் செரித்துப்போகும், ஆப்பிள் மாதிரியே.

12 ஏப்ரல், இரவு 10.05

நேற்று பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் தைப்பிங்கிலிருந்து வந்திருந்தார். வயது 67, நன்றாக இருக்கிறார். முன்பு ஓ வகை ரத்தம், இப்போது என்னைப் போல பி. என் மஜ்ஜைதானே உள்ளே உட்கார்ந்து ரத்தம் செய்கிறது. காலையில் பூங்காவில் ஒன்றாக நடந்தோம், மூன்றாவது சுற்றிலும் அவர்தான் முன்னால்.

திரும்பி வந்து கோப்பிக்கடையில் தே ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தபோது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வெந்நீரில் கலக்கினார். ஊதா நிறம், பிளம்ஸ் வாடை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் மச்சினன், என் வீட்டுக்காரியின் சொந்தத் தம்பி, போன மாதம் தைப்பிங் வரை போய் அண்ணன் தலையில் இரண்டு பெட்டி கட்டியிருக்கிறான். 796 வெள்ளி. ஸ்டெம் செல் மாற்றியவர்களுக்கு இது ரொம்ப அவசியம் என்று சொன்னானாம்.

"என் செல்லுக்கு நீ எதுக்கு அண்ணே காசு கொடுக்கிறே?" என்றேன்.

"உன் செல்லுதான், இப்ப வாடகை என் வீட்டுல. நான்தானே சோறு போடணும்" என்றார்.

சிரித்தோம், ஆனால் விடவில்லை. அவர் இன்னும் வருஷத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போகிறவர், ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை எடுக்கிறவர். பெட்டியில் உள்ளடக்கம் என்று பாதி மூலிகைக்குப் பெயர்கூட இல்லை, 'தனிக் கலவை' என்றுதான் இருக்கிறது. மருந்தாளரிடம் காட்டும் வரை குடிக்க வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். பிரிக்காத ஒரு பெட்டி இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மச்சினனுக்கு நேற்று மூன்று முறை, இன்று இரண்டு முறை போன் போட்டாயிற்று. எடுக்கவில்லை. அக்கா போனிலிருந்து போட்டாலும் எடுக்கவில்லை.